நான் அனுப்பிய பச்சை ரிப்போர்ட்

இன்று காலை அலுவலகத்தில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. மூலையில் கிடந்த பழைய சேர்வரின் விசிறி முனகிச் சுழன்று, சூடேறிய தூசியின் வாசனை அறையெங்கும் பரவியது. யாரோ எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்கள். பக்கத்து மேசைப் பெண் என்னவோ கேட்டாள், எனக்குக் காதில் விழவில்லை. கண்டி டவுனில் பேக்கரிக்கு மேல்மாடியில் நாம் வேலை செய்த அறையும் இப்படித்தான் மணக்கும். கீழேயிருந்து பாண் வேகும் வாசம், மேலே நீ பார்த்துக்கொண்ட இயந்திரங்களின் தூசி வாசம். உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடங்களாக நினைத்து, ஒவ்வொரு முறையும் முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறேன். இன்று முழுவதையும் எழுதிவிடப் போகிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்தது போர் மறுபடி மூண்டுவிட்ட காலத்தில். யாழ்ப்பாணத்துப் பாதை மூடியிருந்தது. உன் அம்மா அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். பேராதனையில் படிப்பை முடித்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு போர்டிங்கில் தங்கியிருந்தாய். இங்கே தங்கப் பொலிசில் பதிந்த துண்டுச் சீட்டை அடையாள அட்டையோடு சேர்த்து எப்போதும் கைப்பையில் வைத்திருப்பாய். நான் கம்பளையிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். என்னை முதல் நாளே “நீர்” என்று கூப்பிட்டாய். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கோபமாகப் பேசுகிறாயோ என்று நினைத்தேன். உங்கள் ஊரில் அது மரியாதை என்று இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

நாம் எழுதியது, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று செய்யும் மருந்துப் பம்புக்கான புரோகிராம். நோயாளியின் இரத்த நாளத்துக்குள் மருந்தைத் துளித்துளியாக ஏற்றும் பெட்டி அது. ஒவ்வொரு தடவை புரோகிராமைக் கட்டி அனுப்பும்போதும் கூடவே ஒரு ரிப்போர்ட் போக வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. நம் டெஸ்டுகள் ஓடும்போது புரோகிராமின் எந்தெந்த வரிகள் உண்மையில் ஓடின, எவை ஓடவே இல்லை என்று காட்டும் ரிப்போர்ட். ஓடிய வரி பச்சை, ஓடாதது சிவப்பு. ஒவ்வொரு டெஸ்டும் முடிந்ததும் ஒரு சிறிய கோப்பை விட்டுப்போகும். அவற்றையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ரிப்போர்ட்டாக்கும் வேலையை நான் எழுதிய புரோகிராம் செய்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அது என் பெயரை அச்சடிக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நீ உன் கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

“இதைச் சேர்க்கிற புரோகிராம் நீரே எழுதினது?”

“ஆமா, நான்தான். ஏன்?”

“பழைய கோப்புகளை நீர் அழிக்கிறேல்லையோ?”

“கரண்ட் போனா டெஸ்ட் பாதியில நின்னுருது. மறுபடியும் முதல்லயிருந்து ஓட்டினா அரை நாள் போயிரும். அதான் பழசையும் விட்டு வச்சேன். புதுசு அதுமேல சேர்ந்துக்கும்.”

நீ கோப்புகளின் பட்டியலைத் திறந்தாய். பிறகு திரையில் ஒரு இடத்தைத் தொட்டாய்.

“அப்ப ஒருக்காப் பச்சையான வரி பிறகு சிவக்காது. பாரும், இது பற்றரி இறங்கினால் அலாரம் அடிக்கிற பகுதி. இதின்ர டெஸ்டை ஆரோ எப்பவோ நிப்பாட்டியிருக்கினம். அதுக்குப் பிறகு அலாரத்தையும் புதுசா மாத்தி எழுதியிருக்கினம். புதுசு ஒரு தரமும் ஓடேல்லை. ஆனால் ரிப்போர்ட்டில பச்சை. கோப்பின்ர திகதியைப் பாரும்.”

பார்த்தேன். மாதக்கணக்கில் பழைய திகதி. நீ என்னைக் குற்றம் சொல்லவில்லை. “கரண்டுக்குப் பயந்து செய்த வேலைதானே, சரிப்படுத்தலாம்” என்று மட்டும் சொன்னாய்.

அந்த வாரம் முழுக்க நீ அதைத்தான் செய்தாய். புரோகிராமைக் கட்டும் ஒவ்வொரு பில்டுக்கும் தனி இலக்கம், அந்த இலக்கத்தில் தனி போல்டர். தொடங்கும்போது அது வெறுமையாக இருக்க வேண்டும். வேறு இலக்கத்துக் கோப்பு ஒன்று உள்ளே வந்தாலும் பில்ட் நின்றுவிடும். கரண்ட் போனால் போனதுதான், முதலிலிருந்து. புது ரிப்போர்ட் வெளியே வந்தபோது பக்கம் பக்கமாகச் சிவந்திருந்தது. பச்சை வரிகள் அந்த வெளிநாட்டு நிறுவனம் கேட்ட அளவுக்குக் கிட்டவும் வரவில்லை. அனுப்ப இரண்டு வாரம் இருந்தது.

மனேஜர் மாத்தளைக்காரர். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அவர் தலையில் கைவைத்தபடி சொன்னார். “இங்க பாருங்கம்மா, இந்த முறை பழைய மாதிரியே அனுப்பிருவோம். அடுத்த முறையிலிருந்து இதைப் போடுவோம்.”

“இல்லை சேர். ஓடாத வரியை ஓடினதெண்டு எப்பிடி அனுப்புறது? இரண்டு கிழமை இருக்குத்தானே. நான் டெஸ்ட் எழுதுறன்.”

அவர் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், சிவந்த பக்கங்களை எல்லாம் நீ அச்சடித்துக் கட்டாகக் கையில் எடுத்தாய். உன் போர்டிங்கில் கம்ப்யூட்டர் இல்லை. சனி ஞாயிறில் உட்கார்ந்து, எந்த வரிக்கு என்ன டெஸ்ட் என்று பென்சிலால் குறித்துவைத்தால் திங்கட்கிழமை நேரே எழுதலாம் என்றாய். சில பக்கங்களில் பஸ்சுக்குக் காத்திருந்தபோதே குறிக்கவும் தொடங்கிவிட்டாய். அம்புக்குறிகள், வட்டங்கள், இலக்கங்கள். அன்று கட்டுகஸ்தோட்டையில் என் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் உன்னோடு ஏறினேன்.

பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்சை நிறுத்தினார்கள். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். எனக்கும் உனக்கும் இடையே மூன்று பேர். என் அட்டையில் பிறந்த இடம் கம்பளை, உன்னுடையதில் யாழ்ப்பாணம். பொலிஸ்காரி உன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த கட்டை வாங்கிப் பிரித்தாள்.

“மேவா மொனவாத?” இவை என்ன என்று கேட்டாள்.

உனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. ஆங்கிலத்தில், “கோட்” என்றாய். அலுவலகத்தில் நாள் முழுக்க புரோகிராம் வரிகளுக்கு நாம் சொல்லும் சொல். அவளுக்கு அது வேறு சொல்லாகக் கேட்டது. இரகசியக் குறி. அவள் இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவர் சிவப்பு வரிகளையும், உன் பென்சில் அம்புகளையும் பார்த்தார்.

“மேவா காகேத?” யாருடையவை என்று கேட்டார்.

என் சிங்களம் சுத்தமானது. தமிழருக்கு எதிரான கலவரத்தில் அப்பாவின் துணிக்கடை எரிந்த பிறகு, பஸ்சிலும் ரயிலிலும் தமிழில் வாய் திறக்கக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். ஒரு எட்டு முன்னால் வைத்து, இது கம்பெனி வேலை, அடியில் இருப்பது என் பெயர், இதோ என் அட்டை என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். தலையை மிக லேசாக ஆட்டினாய். வேண்டாம் என்று. அவரிடம் திரும்பி, “மகே” என்றாய். என்னுடையவை.

உன்னை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்களை பஸ்சில் ஏறச் சொன்னார்கள். நான் ஏறினேன்.

மறுநாள் சாப்பாட்டுப் பொதியோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். உன்னை வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது என்றார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை மனேஜரிடம் சொன்னபோது அவர் நிஜமாகவே அழுதார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, பழைய போல்டரின் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. “இருபது பேர் வேலை இதுல இருக்கும்மா. அந்தப் பிள்ளை வந்ததும் சரிபண்ணிக்கலாம்.”

உன் இலக்கச் சோதனையை நீக்கி, பழைய கோப்புகளைத் திரும்ப உள்ளே போட எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ரிப்போர்ட் பச்சையாக வந்தது. அடியில் என் பெயரோடு அனுப்பினேன்.

இனிச் சொல்லப்போவதுதான் உன்னிடம் நான் சொல்லாதது. உன்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த சிங்களப் பெண்ணின் அப்பா, ஒரு வழக்கறிஞர், உன் வழக்கை எடுத்தார். அவர் நம் அலுவலகத்துக்கு வந்து ஒரே ஒரு கடிதம் கேட்டார். இந்தச் சிவந்த பக்கங்கள் கம்பெனியின் வேலை, இன்ன தேதியில் இன்ன புரோகிராமில் எடுத்தவை என்று ஒரு கடிதம். மனேஜர் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்.

“அந்தப் பேப்பர் நம்மளதுன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்தா, அதே பில்டுக்கு நாம அனுப்பின பச்சை ரிப்போர்ட் என்னாகும்? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராதே.”

ஒத்து வராதுதான். ஒத்து வராமல் ஆக்கியது நான்.

நீ எங்கள் ஊழியர், நன்னடத்தை உள்ளவர் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். பக்கங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வழக்கறிஞர் மறுபடி வந்தார், மறுபடியும் வந்தார். நான் என் மேசையில் குனிந்து இருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். “உன் பேரும் அதுல ஏறிரும். பேசாம இரு” என்றார். நான்கு மாதம் பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு நாள் வழக்கறிஞர் மாடிப்படியில் என்னைப் பார்த்து, “அந்தப் பிள்ளையின் கால்கள் வீங்கியிருக்கின்றன” என்று சிங்களத்தில் சொன்னார். அவர் கேட்கவில்லை, சும்மா சொன்னார். அன்றே அவரோடு போய், அந்தப் பக்கங்கள் என் புரோகிராமில் இருந்து வந்தவை என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்று வாரத்தில் உன்னை விட்டார்கள். முதல் நாளே எழுதியிருந்தால் என்று நான் எண்ணிப் பார்க்காத நாள் இல்லை.

நீ நடந்து வெளியே வரவில்லை. நேரே கண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். பாதை மூடியிருந்ததால் உன் அம்மா கப்பலில்தான் வர வேண்டும், அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. பின்னேரங்களில் நான்தான் உன் பக்கத்தில் இருப்பேன். உள்ளே என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் சிரித்துக்கொண்டு சொன்னாய்.

“பேப்பருக்குக் கீழ இருக்கிற பேர் ஆரின்ரயெண்டு திரும்பத் திரும்பக் கேட்டவங்கள். அது புரோகிராமின்ர பேர் எண்டு சொல்லிப்போட்டன். நம்பிட்டாங்கள்.”

அந்தப் பெயர் என்னுடையது. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய்.

“அந்த ரிப்போர்ட் பிறகு எப்பிடிப் போனது?”

“நீ செஞ்ச மாதிரியேதான் போச்சு. சிவப்பாவே அனுப்பினோம். அவங்க டைம் குடுத்தாங்க.”

“அலாரத்துக்கு டெஸ்ட் எழுதினனீரோ?”

“எழுதினேன்.”

“ஓடினதோ?”

“ஓடிச்சு.”

“அப்ப சரி,” என்றாய். அந்த வாரத்தில் முதல் தடவையாக ஊசி இல்லாமல் தூங்கினாய். இன்னும் ஒன்பது நாள் இருந்தாய்.

உன்னைத் தகனம் செய்து பதினாறாம் நாள்தான் அம்மா வந்து சேர்ந்தார். உன் உடுப்புகளை மடித்துக் கொடுத்தேன். “என்ர பிள்ளைக்கு நீங்கள் எல்லாரும் நல்லாச் செய்தனீங்களாம்” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அதைத் தாங்க முடியாமல்தான், மறுநாள் அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பழைய கோப்புகள், அலாரம், நான் அனுப்பிய ரிப்போர்ட், நீ கண்டுபிடித்தது, எதையும் விடவில்லை.

அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பற்றரி இறங்கியபோது பம்ப் நின்றது. அலாரம் அடிக்கவில்லை. எல்லாப் பெட்டிகளையும் திருப்பி எடுத்தார்கள். அதற்குள் எந்த வார்டில், யாருடைய கட்டிலில் அது சத்தமில்லாமல் நின்றது என்று அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்டு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. கம்பெனியை மூடினார்கள். இருபது பேரில் என்னோடு இன்று பேசுகிறவர்கள் இரண்டு பேர். மனேஜரை ஒரு தடவை பெரஹெர ஊர்வலக் கூட்டத்தில் கண்டேன். இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

அந்த நிறுவனம் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. இது தவறென்று உங்களுக்கு எப்போது தெரியும்? நீ கதிரையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த அந்த நாளின் தேதியை எழுதினேன்.

இப்போதும் இதே வேலைதான் செய்கிறேன். என் கையெழுத்தில் போகும் ரிப்போர்ட்டுகள் சிவப்பாக இருந்தால் சிவப்பாகவே போகின்றன. அதனால் ஒன்றும் நேராகிவிடவில்லை, எனக்குத் தெரியும். பாலத்தடியில் வாய் திறக்காததையும், நான்கு மாதம் குனிந்திருந்ததையும் குற்றம் என்று சொல்லிவிட முடிகிறது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகே சொன்ன பொய்யைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைக் கேட்டு நீ நிம்மதியாகத் தூங்கினாய். உன் மூச்சு சீராக ஏறி இறங்கியதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை எழுப்பி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? இந்தக் கடிதத்தில்தான் உன்னை எழுப்புகிறேன்.