தொட்டால் திறக்காத நீலச் சொல்

என் சுகந்தி அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, அச்சுக்குப் போகவிருக்கும் ஒரு கையேட்டின் மாதிரிப் படியை எடுத்து, அதில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்தியதுதான். பால்கூடக் காய்ச்சவில்லை. சொல் நீல நிறத்தில், அடியில் புள்ளிக்கோட்டுடன், அப்படியே கிடந்தது.

நீயும் இப்படித்தானே அழுத்தினாய்?

"நீ எழுதுற புக்கை எவன்டி படிக்கிறான்? டப்பாவோட சேத்து வீசிடறாங்க" என்று, மிஷின்களோடு வரும் கையேடுகளை எழுதும் என்னை இருபது வருஷமாகக் கிண்டல் செய்தவள் நீ. கடைசியில் வரி விடாமல் படித்தவளும் நீதான். என் புத்தகம் இல்லை, வேறு யாரோ எழுதியது. உன் ஆக்சிஜன் மிஷினோடு வந்தது.

அன்று அத்தான் லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருந்தார். மிஷின் கத்தத் தொடங்கியது. கான்யூலாவைச் சரிபார்க்கவும் என்று புத்தகம் ஆங்கிலத்தில் சொன்னது. கான்யூலா என்றால் எது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதிலும் நீலத்தில் அச்சாகியிருந்த அந்தச் சொல்லை நீ போனில் தொடுவதுபோலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாயாம். பிறகு குழாயை இழுத்துக்கொண்டு பக்கத்து அறை வரை நடந்து, போனை எடுத்து, சால்ட் லேக் ஆபீசில் இருந்த என்னைக் கூப்பிட்டாய்.

"மிஷினுக்கு அடியிலெல்லாம் தேடிட்டேன்டி. கான்யூலா... எங்க இருக்கு?"

"உன் மூக்குல இருக்குக்கா. அந்தக் குழாய்தான். எங்கயாவது மடங்கியிருக்கா பாரு."

போனோடு திரும்பி வந்து பார்த்தாய்; நாற்காலிக் கால் அதன்மேல் ஏறியிருந்தது. நகர்த்தியதும் மிஷின் அடங்கியது. மூச்சு திரும்பியதும் நீ சிரித்தாய். "மூக்குல இருக்கிற குழாய்னு எழுதினா உங்க வேலை போயிடுமாடி?"

அப்போது நானும் சிரித்தேன்.

இப்போது அதே மாதிரி மிஷினுக்கு, வேறொரு கம்பெனிக்காக, நானே கையேடு எழுதுகிறேன். கம்பெனி ஒப்புக்கொண்ட சொற்களை நாங்கள் மாற்றக்கூடாது; அவற்றுக்குப் பொருள் மட்டும் எழுதலாம். திரையில் சொல்லைத் தொட்டால் பொருள் திறக்கும். காகிதத்தில் எப்படித் திறக்கும்? அதற்காக எங்கள் மென்பொருளில் அச்சுப் பதிப்பின் கடைசியில் அருஞ்சொற்பொருள் பக்கங்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கடினமான வேலையே இல்லை. சேர்த்தேன். ஒவ்வொரு பொருளையும் உன்னிடம் போனில் சொல்வதுபோல எழுதினேன்.

நேற்று தேபுதா அந்தப் பக்கங்களை எடுத்துவிடச் சொன்னார். அவர்தான் எங்கள் மேலாளர். பக்கம் கூடினால் புத்தகம் பெட்டிக்குள் அடங்காதாம்.

"அரே பாபா, க்யூஆர் கோடு போட்டிருக்கோமே சுபா. போன்ல பார்த்துக்குவாங்க."

"போன் பக்கத்து ரூம்ல இருந்தா?"

"போய் எடுத்துட்டு வரட்டுமே."

அவர் கெட்டவர் இல்லை. நீ போன அன்று கேவ்ராதலா சுடுகாட்டில் மழையில் கடைசிவரை நின்றவர். ஆனால் மூச்சுத் திணறும் ஒருவருக்குப் பக்கத்து அறை எத்தனை தூரம் என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? என்னிடம் இருப்பது ஆங்கிலமும் ஒரு மென்பொருளும்தான். பக்கங்களை நானே எடுத்தேன். எடுத்த பிறகும் நீலமும் புள்ளிக்கோடும் போகவில்லை. திறக்காத கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் வரைந்து வைத்த மாதிரி.

அத்தான் நன்றாக இருக்கிறார் என்று சொல்ல ஆசை. மிஷினை வாடகைக் கடைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அது நின்ற மூலையில் அவர் இன்னும் எதையும் வைக்கவில்லை. சுற்றிக்கொண்டுதான் நடக்கிறார்.

நாளை இறுதிப் படிக்கு நான் ஒப்புதல் தர வேண்டும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று ராத்திரிக்குள் கான்யூலா என்று வரும் இடத்திலெல்லாம் மூக்கில் இருக்கும் குழாய் என்று மாற்றி, காலையில் தேபுதாவிடம் நேராகக் கொடுக்கப்போகிறேன். அந்தச் சொற்கள் இல்லாத படிக்கு ஒப்புதல் தரமாட்டேன். எனக்குப் பதில் வேறு யாராவது தந்துவிடலாம். மற்றச் சொற்களுக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இந்த ஒன்றையாவது விடமாட்டேன் அக்கா, சத்தியம்.

வேலை போகுமா என்று நீ கேட்டாய் இல்லையா? பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் கிண்டலுக்கு ஏங்கும் தங்கை,
சுபா