மாலத்தீவுக்குப் போகாத பதினொரு பெட்டி

1976 மார்ச் 29
மாலத்தீவுக்கு மலேரியா மாத்திரை, நாற்பது பெட்டி. கம்பெனி வைத்த பெயர் கிடையாது, மருந்தின் பெயர் மட்டும். அதனால் விலை மலிவு. தீவில் சோதனைக்கூடம் இல்லை. இங்கே எங்கள் சோதனைக்கூடத்தில் ஒருமுறை, கொழும்பில் ஒருமுறை சோதித்து, இரண்டும் ஒத்தால் அங்கே அனுமதி. நல்ல ஏற்பாடுதான். கொழும்பில் புதிதாக என்ன கண்டுபிடிக்கப் போகிறார்களோ!

மாத்திரை தண்ணீரில் பதினைந்து நிமிடத்துக்குள் கரைய வேண்டும். எல்லாம் பதினொரு நிமிடத்தில் கரைந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 6
சரக்கு ஏற்றிப்போகும் தோணியின் தலைவர், தண்டல் சிலுவை வந்தார். "மே பாதிக்குள்ள பாய் விரிச்சிரணும் சார். கச்சான் காத்து கெளம்பிட்டுன்னா செப்டம்பர் வரைக்கும் மாலிக்கு ஒரு தோணி போவாது."

ஏப்ரல் 19
கொழும்புக் கடிதம். ஒரே தடவையில் தயாரான ஒரு லாட், பதினொரு பெட்டி — இருபத்தாறு நிமிடம் ஆகிறதாம். நான் சோதித்த தண்ணீர் உடம்புச் சூடான 37 டிகிரிதானா என்று கேள்வி வேறு. இருபது வருஷ சர்வீஸ். எனக்கா பாடம்?

ஏப்ரல் 20
நம்மூர் வெயிலில் மாடித்தொட்டித் தண்ணீர் பைப்பிலேயே சுடும். கையை விட்டுப் பார்த்து, போதும் என்று விடுவதுதான் எங்கள் வழக்கம். இன்று தெர்மாமீட்டர் வைத்தேன். 46. அந்தச் சூட்டில் எதுவும் சீக்கிரம் கரையும். ஆறவிட்டு 37-இல் சோதித்தேன். அந்த லாட் இருபத்தைந்து நிமிடம்.

சே.

"காய்ச்சலுக்கு மட்டுந்தான் தெர்மாமீட்டர் வைப்பியளோ?" என்றாள் மனைவி ஜெபகனி, வீட்டில் இதைச் சொன்னபோது. வேறு நாளாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஏப்ரல் 21
பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தவறு என்னுடையது என்று நாலாவதில்தான் எழுத வந்தது. பம்பாயிலிருந்து மாற்றுப் பெட்டி வர ஐந்து வாரம். மார்ச்சிலேயே கேட்டிருந்தால் தோணிக்கு முன்னால் வந்திருக்கும்.

மே 10
தோணி போயிற்று. இருபத்தொன்பது பெட்டி.

செப்டம்பர் 13
கச்சான் முடியும்வரை மாலியிலேயே கிடந்த தோணி வந்து சேர்ந்தது. சிலுவை மாசிக்கருவாடு கொண்டுவந்தார்.

"ஒரு தீவுக்கு மாத்திர எட்டல சார். நூறு வீடுதான் இருக்கும். காச்சல்ல ரெண்டு புள்ளையள் போயிட்டு. எல்லாம் அந்தக் கொழும்புக்காரன் நிறுத்தி வச்சதுல வந்தது."

"கொழும்புக்காரன் இல்ல அண்ணாச்சி. நான்."

நடந்ததைச் சொன்னேன். சிலுவை முழுவதும் கேட்டார். பிறகு, "மாத்துப் பெட்டிய எப்ப ஏத்தலாம்?" என்றார்.

மாற்றுப் பெட்டிக்கு இங்கேயும் கொழும்பிலுமாக இரண்டு கையெழுத்தும் ஜூனிலேயே ஆகிவிட்டது. இருந்தாலும் மறுபடி சோதித்தேன். பைப்புத் தண்ணீர் 37-க்கு ஆறும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

தண்ணீர் ஆற இருபது நிமிடம். அவ்வளவுதான் ஆகிறது.