பேறுகாலச் சட்டியில் வடித்த ரம்

மச்சான்,

இன்று பின்னேரம் மருமகன் ஒரு போத்தலைத் திறந்தார். வெளிநாட்டு ரம். பழைய முறையில் பானையில் வடித்து, வருடக்கணக்காக மரப்பீப்பாவில் கிடந்ததாம். "மாமா, இதில என்னென்ன மணக்குது, சொல்லுங்க பாப்பம்" என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக விட்டவன் நான். பரீட்சை என்றாலே ஓடி ஒளிகிறவன். ஆனால் கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் துள்ளி எழும்பிவிட்டேன். ஓமம்! மிளகு! வேர்க்கொம்புச் சுக்கு! "தம்பி, இது என்ட மச்சான்ட சாமான்!" என்று கத்தினேன். குடிக்க முதலே வெறித்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார்.

அவருக்கு எப்படித் தெரியும்? அது சண்டைக் காலம். சாராயம் நம் ஊர் பெரியகல்லாறு வந்து சேர்வதே அபூர்வம். நீ கரும்புப் பாணியைப் புளிக்க வைத்திருந்தாய். வடிக்கிற நேரம் பார்த்துப் பானை வெடித்தது. அப்போதுதான் என் பெரிய மூளை வேலை செய்தது. மகள் பிறந்ததிலிருந்து உன் தங்கைக்கு ஓமமும் மிளகும் வேர்க்கொம்பும் போட்டுப் பேறுகால மருந்தாகச் சரக்குக் காய்ச்சிய மண்சட்டியைத் தூக்கி வந்து தந்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தவனும் நான்தான். மண்சட்டி குடித்ததை மறக்குமா? சாடியில் வடிந்ததெல்லாம் மருந்து வாசம்.

உன் தங்கை பத்திரகாளியானாள். "பேறுகாலச் சட்டியில கசிப்பு வடிச்ச மனிசனோட எனக்கு இனிக் கதையில்ல. சாடியும் இந்த வளவுக்குள்ள இருக்கப்படாது!"

நீ சிரித்தாய். "ஒருநாளைக்கு இதில ஒரு வாய் குடிச்சிட்டு, நல்லாரிக்கு அண்ணே எண்டு நீயே சொல்லுவாய். சொல்லாட்டி என்ட பேரை மாத்து."

சாடியோடு தோணியேறி வாவியைக் கடந்தோம், வெல்லாவெளி வயல் வாடியில் புதைக்க. கரையில் ஆமியின் காவல் சென்றி. ஆமிக்காரன் மூடியைத் திறந்து மோந்தான். "பெஹெத், மாத்தயா" என்றாய், மருந்து ஐயா என்று சிங்களத்தில்; பிள்ளை பெற்றவளுக்கு என்று கையால் தாலாட்டிக் காட்டினாய். பிள்ளை பெற்றது யார் என்று கையால் கேட்டான். நான் பயத்தில் என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அந்த வயிற்றைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில்தான் நாம் தப்பினோம்.

மூன்று வெள்ளாமை வெட்டிய பிறகு தோண்டி எடுத்து, சிரட்டையில் ஊற்றிக் குடித்தோம். முதலில் இனிப்பு, பிறகு காரம், கடைசியில் ஓமம் நெஞ்சுக்குள் இறங்கி விளக்கேற்றியது. "மச்சான், இது குடியில்ல, வைத்தியம்" என்றாய். தங்கைக்கென்று ஒரு போத்தல் எடுத்து வைத்தாய். அவள் தொடவில்லை. அடுத்த இடப்பெயர்வில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு பகலாகப் பார்த்தவள் அவள்தான், கோபமெல்லாம் போயிருந்தது. ஆனால் போத்தல் கைவிட்ட வீட்டோடு போய்விட்டது. அந்த ஒரு வாயைப் பார்க்காமலே நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்று நான் போட்ட சத்தத்துக்கு அவள் குசினியிலிருந்து வந்தாள். கிளாசை வாங்கி மோந்தாள். கதிரையில் இருந்தாள். ஒரு வாய், ஒரே வாய். மருமகன் வாயைப் பிளந்தபடி நின்றார்.

"நல்லாரிக்கு அண்ணே" என்றாள், எங்கள் இருவரையும் பார்க்காமல்.

மச்சான், நீ வென்றுவிட்டாய்! உன் பேர் உன் பேர்தான்.

குசினியில் மகளுக்குச் சரக்குக் கொதிக்கிறது. நமக்குப் பேரன் பிறந்திருக்கிறான். புதுச் சட்டி. நான் எட்டிப் பார்த்தால் உன் தங்கை அகப்பையை ஓங்குகிறாள். அவளுக்குத் தெரியும், அந்தச் சட்டியைப் பார்க்கிற கண் என்னுடையது இல்லை, உன்னுடையது.