கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி

என் புள்ளிமானுக்கு,

நலம்னு எழுதினா பொய். நீங்க நலமானு கேட்டா என்னைப் பைத்தியம்பாங்க. ரெண்டையும் விட்டுடறேன். வேலை முடிஞ்சு மேலெல்லாம் பெயின்ட் தெறிச்சு வந்து நிக்கிற உங்களைப் பார்த்து நான் வெச்ச பேருதான் புள்ளிமான். நாலு பேர் முன்னாடி கூப்பிட்டு மானத்தை வாங்காதேடீம்பீங்க. இப்ப யாரும் இல்லை. ஆசை தீரக் கூப்பிட்டுக்கறேன்.

நீங்க சாரத்துல இருந்து விழுந்து எட்டு மாசம் ஆச்சு. இத்தனை நாள் எழுதணும்னு தோணலை. அஞ்சாவதோட நின்ன கைக்குத் தையல் அளவுச் சீட்டு எழுதத்தான் வரும். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்க பொண்ணு எந்தெந்த வருஷம் எப்படி வளர்ந்தாள்னு ஞாபகம் இருக்கிறதை எழுதிக்கிட்டு வாங்கம்மான்னாங்க. எழுத உட்கார்ந்தா உங்களுக்குத்தான் எழுத வருது. அவங்களுக்கு வேற தாள் வாங்கிக்கறேன்.

சுண்டு நல்லா இருக்கா. பதினொண்ணு முடிஞ்சுது. நீங்க சுண்டுவிரல் அளவுதான் இருக்கானு தூக்கிக் காட்டி வெச்ச பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு, வகுப்புலயும் அதேதான். இன்னும் முதல் பெஞ்ச். பஸ்ல ஏறினா கண்டக்டர், பாப்பா ஒண்ணாவது படிக்கிறியானு கேட்டாராம். இல்லை சார், ஆறாவது, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்கன்னாளாம். பஸ்ஸே சிரிச்சுதுனு வந்து சொன்னா. வாய் மட்டும் உங்களை மாதிரியே நீளம்னு நானும் சிரிச்சேன். பள்ளிக்கூட நாடகத்துல வருஷா வருஷம் தொட்டில் குழந்தை வேஷம் அவளுக்குத்தானே. இந்த வருஷம் மாட்டேன்னுட்டா. டீச்சர் வேஷம் கொடுங்க, ஸ்டூல் போட்டு நின்னுக்கறேன்னு சொல்லியிருக்கா. கொடுக்கலை.

விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் வீட்டுக்காரம்மா ஈரம் ஊறின சுவரைச் சுரண்டிப் பூச ஆள் அனுப்பினாங்க. வந்தது உங்ககூடச் சாரத்துல நின்ன தம்பிதான். என் முகத்தைப் பார்க்காமலே வேலை செஞ்சுது. கதவுக்குப் பின்னால, சுண்டு பை மாட்டுற கொக்கிக்கிட்ட வந்ததும் சுரண்டுறதை நிறுத்திட்டு, அண்ணி இங்க வாங்களேன்னுச்சு. போனேன். கொக்கிக்கு மேலே, ஒண்ணுக்கு மேல ஒண்ணா மூணு வெள்ளை வட்டம். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. எல்லாம் பட்டி மாவு வெச்சு அடைச்ச ஓட்டை. இது நம்ம அண்ணன் கைதான் அண்ணி, அவர் பட்டி பார்த்தா ஈக்குக்கூடத் தெரியாது, எதுக்கு இந்தக் கொக்கியை இறக்கிக்கிட்டே வந்தாருனு சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. நான் அந்த மூணு வட்டத்தையும் விரல் வெச்சு அளந்து பார்த்தேன்.

அவளுக்கு ஏழு முடிஞ்ச அன்னிக்கு நீங்க மாட்டின கொக்கி. நுனிவிரல் மட்டும் பட்டுது. எட்டு முடிஞ்ச அன்னிக்கு விரல் மடங்கித் தொட்டா. ஒன்பதுல பிடிச்சா. பத்துல தானே பையை மாட்டினா. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீங்க. பாருடி, உன் பால் குடிச்ச புள்ளைம்பீங்க. உங்க அக்கா வந்திருந்தப்ப என் பால்ல சத்தில்லைனு சொல்லிட்டுப் போனதை நான் ஒரு வாரம் மென்னுக்கிட்டிருந்தேன். அதை நீங்க கவனிச்சிருக்கீங்க. எனக்காகத்தான் இறக்கியிருக்கீங்க. அரை விரல் கூடினா ரவிக்கையைப் பிரிச்சு மறுபடி தைக்கிறவ நான். கண் முன்னாடி ஒரு கொக்கி மூணு விரல் இறங்கியிருக்கு, எனக்குத் தெரியலை.

இப்ப என் திருட்டைச் சொல்றேன். கேட்டுட்டு என்னைத் திட்டுங்க.

பள்ளிப் பாவாடைக்குக் கீழே நாலு விரல் மடிச்சுத் தைப்பேன், பிள்ளை வளர வளரப் பிரிச்சு விடறதுக்கு. பள்ளி திறக்கிற சமயம் நீங்க மறக்காம, மடிப்பைப் பிரிச்சியானு கேட்பீங்க. முதல் தடவை, பிரிக்க அவசியமே இல்லைங்கனு சொன்னேன். அன்னிக்கு நீங்க சாப்பிடலை. நான்தான் எதுக்கும் ஏணி தேடற குள்ளன், அதை அவளுக்கும் கொடுத்துட்டேனேன்னீங்க. எனக்குத் தாங்கலை. அடுத்த வருஷத்துல இருந்து நீங்க பார்க்கப் பார்க்க மடிப்பைப் பிரிச்சேன். பழைய மடிப்புக் கோட்டைத் தடவிப் பார்த்து, ஆத்தாடி ரெண்டு விரல் வளர்ந்துட்டாளேன்னு குதிச்சீங்க. நீங்க வேலைக்குப் போனதும், கீழே பிரிச்சதை மேலே இடுப்புப் பட்டிக்குள்ள மடிச்சு ஒளிச்சுத் தைச்சேன். மூணு வருஷமும் அதேதான். இஞ்ச் டேப் நாள் பூரா என் கழுத்துல தொங்குது. என் பொண்ணு உயரத்துக்கு மட்டும் அதை வெச்சதே இல்லை. வெச்சா தெரிஞ்சுடுமே.

தெரிஞ்சேதான் செஞ்சேன். ஆனா மனசுக்குள்ள ஒரு தைரியம் இருந்துச்சு. மடிப்புதானே பொய், கொக்கி எட்டுதே, மெதுவா வளர்றானு இருந்துட்டேன். நீங்க என்ன நினைச்சிருப்பீங்கனு இப்பப் புரியுது. கொக்கிதானே பொய், மடிப்பு பிரியுதே.

அந்த நர்ஸம்மா ஞாபகம் இருக்கா? சுண்டு ஒன்பது வயசுல இருக்கும்போது பள்ளிக்கூடத்துல எடை பார்க்க வந்தவங்க. நம்மைக் கூப்பிட்டு, பிள்ளை வயசுக்குச் சின்னதா இருக்கு, போன வருஷத்து உடுப்பு இந்த வருஷம் குட்டையாகுதானு கேட்டாங்க. நீங்க பக்கத்துல நிக்கிறீங்க. ஆமாங்க, வருஷா வருஷம் பிரிச்சு விடறேன்னேன். நீங்க உடனே, கொக்கியையும் எட்டிப் பிடிக்கிறா மேடம்னு சொன்னீங்க. அப்ப சரிதான்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. வர்ற வழியில ரெண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமா நடந்தோம். நீங்க எனக்குக் கண்ணாடி வளையல்கூட வாங்கிக் கொடுத்தீங்க.

தம்பி சுவரைப் பூசிட்டுப் போனதும் அவளைச் சுவரோட நிக்க வெச்சு டேப்பைப் பிடிச்சேன். மறுநாளே ஆஸ்பத்திரி. கையைப் படம் எடுத்தாங்க, ரத்தம் ரெண்டு மூணு தடவை எடுத்தாங்க. உடம்பை வளர்க்கிற சுரப்பு அவளுக்குப் போதலையாம். பால்ல குறை இல்லை, உங்க உயரமும் காரணம் இல்லைனு டாக்டரம்மா சொன்னாங்க. இதைக் கேட்க நீங்க இல்லையே. தினம் ஒரு ஊசி, வருஷக்கணக்குல போடணும். எலும்பு இன்னும் மூடலை, வளர இடம் இருக்கு. ஆனா ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தா இன்னும் நிறையக் கிடைச்சிருக்கும், போனதை முழுசாத் திருப்ப முடியாதும்மான்னாங்க. ஏன் இவ்வளவு நாள் வரலைனு கேட்டாங்க. நான் அவங்க கொடுத்த வெள்ளைத் தாளை மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.

நாளைக்கு முதல் ஊசி. எதுக்கு ஊசினு அவகிட்ட சொல்லியாகணும். அவதான் நல்லா வளர்ந்துட்டு வர்றதா நினைச்சுக்கிட்டிருக்காளே. இன்னிக்குக் காலையில தலை பின்னும்போது சொன்னேன். முகத்தைப் பார்த்தா வாய் வராது, அதனால பின்னந்தலையைப் பார்த்துக்கிட்டுச் சொன்னேன். கொக்கியைச் சொன்னேன், மடிப்பைச் சொன்னேன். பின்னி முடிச்சதும், தெரியும்மான்னா.

கொக்கியைக் கழட்டும்போது ஸ்க்ரூவைக் கையில வாங்கி வெச்சுக்கிட்டது அவதானாம். அம்மா அழுவா, சொல்லாதேன்னு நீங்க சொன்னீங்களாம். பாவாடை இடுப்புல தடிச்சுத் தடிச்சு அரிக்குமாம். அப்பா பாவம்னு அதையும் உங்ககிட்ட சொல்லலையாம். ஏன்டி கண்ணு, அப்பா போனதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமேன்னேன். அப்பாவுக்குச் சத்தியம் பண்ணிட்டேன், அவர் இருந்தா, சொல்லட்டுமானு கேட்டிருப்பேன்னா. அப்புறம் என் கண்ணைத் துடைச்சுவிட்டு, பையை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டா.

இந்த வருஷப் பிறந்தநாளுக்குக் கொக்கியைத் தொடுடான்னு சொல்ல ஆள் இல்லை. அவளும் தொடலை. பையைத் தரையிலதான் வெச்சா.

நாளைக்குக் காலையில பத்து மணிக்கு. எங்க இருந்தாலும் வந்து அவ பக்கத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. அவ கொடுத்த வாக்கைக் காப்பாத்தினவ. அவளை நல்லாப் பார்த்துக்குங்க. எலும்புல மிச்சம் இருக்கிற இடத்தையாவது அவளுக்கு வாங்கிக் கொடுங்க. வேற ஒண்ணும் கேட்கலை.

இப்படிக்கு,
உங்க பேச்சைக் கேட்காம உங்களைப் புள்ளிமான்னு கூப்பிடறவ.

ஒண்ணே ஒண்ணு கேட்கணும். உயரத்தைத் தவிர நாம அவகிட்ட வேற எதையும் அளக்கலைங்க. உங்க ரகசியம் ஒரு பக்கம், என் ரகசியம் ஒரு பக்கம், இத்தனையையும் அந்தச் சின்ன உடம்புல அவ எங்கேங்க வெச்சிருந்தா?