பெண் எடுத்த வீடுகள்

பிப்ரவரி 12, 1974. செவ்வாய்

காலையில் பனி. திருப்பருத்திக்குன்றம் ஸ்டாப்பில் பஸ் தெரியவில்லை, ஹார்ன் மட்டும். ஏறி உட்கார்ந்ததும் மடியில் கார்டுப் பெட்டி: புரோகிராமை வரிக்கு ஒன்றாகத் துளையிட்ட அட்டைகள்.

சென்னை, கம்ப்யூட்டர் சென்டர். என் புரோகிராம் முடியவில்லை. ஆபரேட்டர் செல்வராஜ் கையால் நிறுத்தியிருக்கிறார்.

"ஆறு நிமிஷம் சுத்திக்கினே இருந்துச்சுபா. நான் நிறுத்தலன்னா இன்னும் ஓடிக்கினு இருக்கும்."

எனக்கு ஒதுக்கிய மெஷின் நேரம் மொத்தமும் போயிற்று. பேராசிரியர்: வெள்ளிக்கிழமை ஒரே ஒரு ஓட்டம். ஒரு நிமிடம். அதிலும் முடியாவிட்டால் ஆராய்ச்சி இடம் வேறொருவருக்கு.

வீடு சேர்வதற்குள் இருட்டிவிட்டது. விளக்கு வைத்த பின் எங்கள் ஜைன வீட்டில் சாப்பாடு கிடையாது. தண்ணீர் மட்டும்.

13, புதன்

கனவு. ஒரு வாசலில் நுழைந்தால் இன்னொரு வீட்டின் வாசல். அதில் நுழைந்தால் முதல் வாசல். உள்ளே யாரோ "வா, வா" என்கிறார்கள். கால் வலிக்கவே இல்லை. அதுதான் பயம்.

எழுந்ததும் பிடிபட்டது. புரோகிராமின் வேலை: எங்கள் ஜைனக் குடும்பங்களில் ஒரு வீட்டை எடுத்து, அது எந்த வீட்டில் பெண் எடுத்தது என்று பார்ப்பது. பிறகு அந்த வீட்டுக்கும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். விவரம் இல்லாத வீடு வந்தால் திரும்பும்.

அப்பா பெண் எடுத்தது வந்தவாசி மாமா வீட்டில். மாமா பெண் எடுத்தது இங்கே, என் அத்தையை. இந்த வீடு அந்த வீட்டைக் கேட்கிறது, அந்த வீடு இந்த வீட்டை. முடிவே வராது.

இருபத்து மூன்று வருடம் இங்கேயே வளர்ந்தும் தோன்றவில்லை.

திருத்தம்: நுழைந்த வீட்டுக்கு ஓர் அடையாளம். அது மறுபடி எதிர்ப்பட்டால் 'சுற்று' என்று அச்சிட்டுத் திரும்பு.

14, வியாழன்

வெயில். கூடத்துத் தரையில் சாக்கட்டியால் வீடுகள். அடையாளத்துக்குப் புளியங்கொட்டை. தங்கை பத்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, கல்யாண வயசுல தாயம் ஆடற?"

விளக்கினேன். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள்.

"சித்தாமூர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வீட்டுல அக்கா தங்கச்சிய கட்டினாங்க இல்ல? அண்ணனுக்காக அந்த வீட்டுக்குப் போய்ட்டு வர. மறுபடி தம்பிக்காகப் போற. பழைய கொட்டை அங்கியே இருக்குது. உடனே சுத்துன்னுடுவியா? ரெண்டு தபா போனதுதானே அது?"

கொட்டையை நகர்த்திப் பார்த்தேன். புரோகிராம் நின்றிருக்கும். விடை பொய்யாக இருந்திருக்கும்.

"அப்போ?"

"வெளிய வரப்போ கொட்டைய எடுத்துக்கினு வா. இதுக்கா எம்.எஸ்ஸி.?"

நுழையும்போது வை. திரும்பும்போது எடு. புதிய கார்டு ஐந்து.

பொழுதோடு சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு முறை வாங்கினேன்.

15, வெள்ளி

பஸ்ஸில் தூக்கம். சென்டரில் மூன்றாவது கார்டைத் தப்பாகப் பஞ்ச் செய்து, கிழித்து, மறுபடி. பதினொன்றரைக்குப் பெட்டியை ஜன்னலில் கொடுத்தேன்.

பெஞ்ச். மேலே மின்விசிறி. கதவுக்குப் பின்னால் பிரிண்டர், தகரத்தில் மழை போல. பாலாற்றில் ஒருபோதும் பார்த்திராத அளவு தண்ணீர் வருவதாகத் தோன்றியது. சட்டென்று அமைதி. முடிந்ததா, முடித்தார்களா?

செல்வராஜ் காகிதத்தோடு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"நிறுத்திட்டீங்களா?"

"நான் கையே வைக்கலபா. அதுவா நின்னுச்சு."