விருந்தினரின் மூச்சுக்கு மின்சாரம்

நிலவு, கிழக்கு முகடு, வெளிக்குடில். இருளுக்கு முந்தைய நாள், 20.30

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் நாச்சியார். பாறையியல். ஊர் கோவில்பட்டி. இந்த நிலையம் அயல்நாட்டாருடையது, நான் விருந்தினர்.

துளைக்கருவி இயல்பாக ஓடுகிறது. குடிலின் காற்றழுத்தம் இயல்பு. நாளை சூரியன் மலைக்குப் பின்னால் போகிறது, ஐந்து நாள் இருள். அது முடியும்வரை வெயிலில் ஓடும் வண்டி நகராது. பெரிய நிலையத்துக்குப் போகவும் முடியாது, அங்கிருந்து ஒருவர் வரவும் முடியாது.

என்னை இங்கே தனியே வைத்ததற்கு ஆய்வுத் தேவை என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் என் குறட்டையைப் பொறுக்க முடியவில்லை. வேற்றுக் கோளில் குடியேறப் போகிற மனிதகுலத்துக்குப் பக்கத்துக் கட்டிலின் சத்தம் தாங்கவில்லை.

தூக்கத்தில் தொண்டைச் சதை அடைத்து எனக்கு மூச்சு நின்றுபோகும். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி வழியைத் திறந்து வைக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. பூமியில் அதைப் பல நாடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். எந்த ஓட்டை விடுதியிலும் ஒரு அடாப்டரை மாட்டினால் ஓடியது. இங்கே நான்கு நாட்டார் சேர்ந்து சுவரைக் கட்டியிருக்கிறார்கள். நான்கு வகைப் பிளக் துளைகள், எதிலும் என் கருவிக்கு ஏற்ற மின்னழுத்தம் இல்லை. ஒரு கன்வெர்ட்டரைக் கொடுத்து, "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்றார்கள். கொதிக்கிறது, ஆனால் ஓடுகிறது.

இருள், முதல் நாள், 06.15

கன்வெர்ட்டர் எரிந்துவிட்டது. கூடவே கருவியின் சார்ஜரும் போனது. குடில் முழுவதும் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். கருவி மட்டும் பிழைத்திருக்கிறது.

நிலையத் தலைவர் ஒட்மாருக்குத் தெரிவித்தேன். அவர் பேசுவதை நிலையக் கணினி தமிழாக்கித் தருகிறது. அந்தத் தமிழை யாரோ கல்வெட்டிலிருந்து பெயர்த்து ஊட்டியிருக்கிறார்கள்.

"மாண்புமிகு விருந்தினர் அவர்களே! குறட்டை அவசர நிலையன்று. நிலவில் எடை குறைவாகையால் நாக்கு பின்னே சரியாது என்பது எம் மருத்துவரின் துணிபு. ஒருக்களித்துத் துயில்க!"

என் தொண்டை அந்த மருத்துவரின் கட்டுரையைப் படிக்கவில்லை. எடை குறைந்ததில் இரத்தமெல்லாம் மேலேறி, வந்த நாளிலிருந்தே முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. தொண்டையின் உட்புறம் மட்டும் வீங்காமல் இருக்குமா? ஒட்மாருக்கு எழுதினேன்.

இருள், இரண்டாம் நாள், 05.40

ஒருக்களித்தே படுத்தேன். மூழ்குகிறவளைப் போல வாயைப் பிளந்துகொண்டு எழுந்தேன், எத்தனை தடவை என்று எண்ணவில்லை. விரலில் மாட்டியிருக்கும் ஆக்சிஜன் மானி எழுபதுக்கும் கீழே காட்டியது. இந்தக் குடிலில் காற்றே மலையுச்சிக் காற்றுபோல மெலிந்தது. தலை பிளக்கிறது. மாதிரி எண்களை இருமுறை தப்பாக எழுதினேன்.

மானியில் ஒரு மணி உண்டு. இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருந்ததாக அதன் பதிவு காட்டுகிறது. என் மூளை அதை ஒரு நாளிலேயே தாலாட்டாக எடுத்துக்கொண்டுவிட்டது.

அதே நாள், 17.00

இங்கே என் கருவிக்கு ஏற்ற ஒரே மின்கலம் வெளியே நடக்க அணியும் உடையில் இருக்கிறது. கம்பியை வெட்டி இணைத்தேன். கருவி முனகி, ஓடியது. நான்கு மணி நேரம் பிணம்போலத் தூங்கினேன். மனுஷியாக எழுந்தேன்.

எழுந்ததும் ஒட்மார்:

"மாண்புமிகு விருந்தினர் அவர்களே! உடையின் மின்கலம் உயிர்காக்கும் பொருட்டு மட்டுமே. இதனைச் சிறு வசதிகட்குச் செலவிடல் குற்றம். மின்னேற்றும் வழி இக்கணம் பூட்டப்பட்டது."

உயிர் காக்க மட்டும்! என் உயிர் எந்தப் பட்டியலில் வருகிறது என்று கேட்டேன். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் விவாதிக்கலாம் என்றார். மூடன். அவனுக்கு எட்டு மணி நேரத் தூக்கம், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

மின்கலத்தில் மிச்சமிருப்பது இன்னும் ஒரு தூக்கத்துக்கு வரலாம்.

இருள், மூன்றாம் நாள், 09.20

வரவில்லை. பாதியிலேயே தீர்ந்தது.

பாறைத் தரவு நேராக எங்கள் நாட்டு ஆன்டெனாவுக்குப் போகும் வழி ஒன்று இருக்கிறது. அதில் ஒட்மார் கைவைக்க முடியாது. அதன் வழியாக வீட்டுக்குப் பேசினேன். என் கணவர் தங்கமாரியப்பன் கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சித் தொடரில் நாய் செத்தால் அழுகிறவர். அவரால் இதில் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் இதுவரை சொல்லவில்லை. இன்று சொன்னேன், சற்று நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"ஒங்க ஆபீசுக்குப் போயிட்டுதான் வாரேன் நாச்சியா. அது அவங்க நாட்டு நிலையம், அவங்ககிட்டதான் சொல்லணுங்கான். வெளங்குவானுங்களா? சரி, அத வுடு. நீ அந்த மைக்க வாய்கிட்ட வச்சிட்டுப் படு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். நின்னா சத்தம் போடுதேன்."

இத்தனை அரசாங்கங்கள், ஒரு மருத்துவர், ஒரு கல்வெட்டுக் கணினி, யாருக்கும் இது தோன்றவில்லை.

அதே நாள், 18.45

தூங்கினேன். துண்டு துண்டாக. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அவர் குரல்:

"நாச்சியா! ஏ நாச்சியா! மூச்ச வுடு! பொரண்டு படு!"

மணிக்கு எழாத மூளை இதற்கு எழுகிறது. இருபத்தேழு வருடப் பழக்கம். மானி எண்பதுக்குக் கீழே போகவில்லை. துளைக்கருவியின் தரவு கொஞ்சம் தாமதமாகப் போகிறது, போகட்டும். கற்களுக்கு அவசரமில்லை.

இருள், நான்காம் நாள், 11.10

அவர் குரல் கம்மிவிட்டது. நேற்றிலிருந்து கண்மூடவில்லை என்று தெரிகிறது. வேறு யாரையாவது மாற்றிவிடச் சொன்னேன்.

"என் தங்கச்சி வந்திருந்தா, நான் கொஞ்ச நேரம் கேக்கேன்னா. வேண்டாம்னுட்டேன். நீ மூச்ச சும்மா நிறுத்துததுக்கும் நெசமா நிறுத்துததுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாது. காப்பி குடிச்சிட்டேன். நீ படு."

ஒட்மாரிடமிருந்து ஒரு செய்தி. தரவு வழியில் "பாறை சாரா ஒலிகள்" போவதாகத் தெரிகிறதாம், விளக்கம் வேண்டுமாம். நான் செத்தபின் வந்து கேட்டுக்கொள் என்று பதில் அனுப்பினேன். கணினி அதையும் அழகுபடுத்தியே மொழிபெயர்த்திருக்கும்.

இருள், ஐந்தாம் நாள், 03.30

எழுத்து என்னுடையதுபோல இல்லை. சுவரில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். யாருமில்லை. தெரியும்.

சூரியன் வர இன்னும் அரை நாள்தான். வண்டி அதற்குப் பிறகு வரும். அவரிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானே. இந்தா, விடிஞ்சிரும். படு நீ. நான் இருக்கேன்லா."

04.55

மூச்சுமுட்டி நானாகவே எழுந்தேன். மானி அறுபத்தொன்று. அவர் கத்தவில்லை.

ஒலிபெருக்கியில் காது வைத்தேன். சீரான சத்தம். உள்ளே, வெளியே. தூங்கிவிட்டார். நாற்காலியிலேயே சாய்ந்திருப்பார், கழுத்து ஒடிந்த மாதிரி.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் எழுந்துவிடுவார். எழுந்து, தூங்கிவிட்டோமே என்று அழுவார். அறுபத்திரண்டு வயது. சர்க்கரை வேறு.

எழுப்பவில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருந்தால் தூக்கம் வராது.

05.40

வருகிறது.

பேனாவால் தொடையில் குத்திக்கொள்கிறேன். அவர் குறட்டைவிடத் தொடங்கியிருக்கிறார். என்னைப் போலவே. இத்தனை வருடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை, எனக்குமுன் அவர் தூங்கியதே இல்லை போல.

06

சன்னல் கறுப்பு. இன்னும்.

ஒட்மார் "நல் விடியல்" என்கிறான். விடியலாம். அவனுக்கு.

அவர் மூச்சு நன்றாக இருக்கிறது. எண்ணிக்கொண்டே இருந்தால் விழித்திருக்கலாம். ஒன்று. இரண்டு. கொஞ்ச நேரம் தலையை மட்டும் சாய்த்து

மூன்று