கம்பளியின் மேல் ஒரு கை

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. போனில் எழுதினால் பாதி படித்துவிட்டு, ஓர் இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால்தான் தபால்.

நீ ஆன்லைனில் வாங்கி அனுப்பிய கம்பளி, பிரம்பு விளக்கு, பீங்கான் குவளை எல்லாம் வந்து சேர்ந்தன. பார்க்கக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத்தான் இருக்கின்றன. ஆனால் குவளைக்குப் பிடி இல்லை. அம்மாவின் நடுங்கும் கையில் அது நிற்குமா? கம்பளி ஓரத்தில் 'தண்ணீரில் நனைக்கக் கூடாது' என்று தைத்திருக்கிறது. சலவைக்கடையில் வேலை பார்க்கிற எனக்கே சிரிப்பு வந்தது. படுக்கை நனையாத நாளே இங்கே கிடையாது.

குறை சொல்கிறேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. தூரத்திலிருந்து உன்னால் முடிந்ததைச் செய்கிறாய். அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாள்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

என் அன்பு அக்காவுக்கு,

நீ மாறவே மாட்டாய். பரிசு கொடுத்தாலும் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பாய்.

எனக்காக ஒன்று செய்வாயா? அந்தக் கம்பளியைப் போர்த்தி, அம்மாவின் கை மேலே இருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடு. காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக விழும்போது எடு. மருந்துத் தட்டு, கழிப்பறை நாற்காலி, அந்த நீல வாளி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடு. விளக்கும் குவளையும் பக்கத்தில் இருக்கட்டும். முகம் வேண்டாம், எனக்குத் தாங்காது.

முத்தங்களுடன்,
குட்டி

மார்ச் 24

அன்புள்ள குட்டிக்கு,

போட்டோவைப் போனில் அனுப்பிவிட்டேன். அதன் கதையையும் கேள்.

நீ கேட்டாய் என்றதும் அம்மா, "நகத்தை வெட்டி விடுடி, அசிங்கமா இருக்கு" என்றாள். கை ஆடிக்கொண்டே இருந்தது. "ஆடினா அவ பயந்துடுவா" என்று சொல்லி, கம்பளிக்கு அடியிலிருந்து இன்னொரு கையால் துணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். எடுத்து முடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்வை.

"அவ பார்த்தாளா? என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு வரி எழுது, படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 20

குட்டிக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண் தன் போனைக் காட்டினாள். பிடித்த படங்களைப் பலகையில் ஒட்டுகிற மாதிரி சேர்த்து வைப்பார்களாமே, அந்தத் தளம். "எங்க மாமியார் ரூமை இப்படி மாத்தணும்க்கா. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்றாள். பார்த்தேன். நம் ஜன்னல். நம் அம்மாவின் கை. 'அமைதியான அறைகள்' என்று உன் தலைப்பு. அவள் விரலால் அம்மாவின் கையைத் தொட்டாள். உடனே திரையில் கம்பளிக் கடை திறந்துகொண்டது. விலை, நிறம், எந்த அளவு வேண்டும். யார் வாங்கினாலும் உனக்குக் கமிஷனாம்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்த நீல வாளியைக் கழுவும்போதுகூட எனக்குக் குமட்டியதில்லை. கையின் சுருக்கம் கம்பளி நிறத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள். அதற்கு நீ நன்றி சொல்லியிருக்கிறாய். அம்மாவுக்கு ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை.

அதை எடுத்துவிடு.

அக்கா

மே 2

அக்கா,

இவ்வளவு கோபம் எதற்கு? முகம் இல்லை, பெயர் இல்லை, யாருடைய அம்மா என்று யாருக்குத் தெரியப்போகிறது? இதுதான் என் தொழில் என்று உனக்குத் தெரியாதா? சரி, உனக்காக எடுத்துவிட்டேன். ஆனால் மற்றவர்கள் தங்கள் பலகையில் சேர்த்துக்கொண்டதை நான் பிடுங்க முடியாது. அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

திட்ட மாட்டாய் என்றால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கை எப்படி இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு படம். இந்த முறை எதற்கென்று அம்மாவிடமே சொல்லிவிட்டு எடு.

குட்டி

மே 11

குட்டிக்கு,

சாம்பல் கம்பளியைப் பிரிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். முந்தையதைச் சலவைக்கடையில் இஸ்திரி மேசைமேல் விரித்துவிட்டோம். இப்போதுதான் அது உருப்படியாக ஒரு வேலை செய்கிறது.

யார் யாரோ அந்தக் கையை விசாரிக்கிறார்களாம். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நீ விசாரிக்கவில்லை.

பார்சல் வந்த சத்தம் கேட்டு அம்மாவே, "குட்டி போட்டோ கேட்டாளா?" என்றாள். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய போர்வையையே சரிசெய்து கையை மேலே வைத்தாள். இந்த முறை அழுத்திப் பிடிக்க மற்றக் கைக்கும் பலம் இல்லை. "நீ வந்து பிடிச்சுக்கோடி, அவ பயப்படக் கூடாது" என்றாள். போனை அணைத்து அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்ப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தாச்சும்மா என்றேன்.

சாயங்காலம் கேட்டாள்.

"அவ பார்த்தாளா?"

"பார்த்தாம்மா."

"ஆடினது தெரிஞ்சுதாமா?"

"தெரியலையாம்."

முதலில் சொன்னது பொய். இரண்டாவது பொய் இல்லை.

இனி என்னிடமிருந்து படமும் வராது, கடிதமும் வராது. வாளியும் மருந்துத் தட்டும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, எதையும் ஒதுக்கப் போவதில்லை. வருவதானால் போனை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வா. வந்து அந்தக் கையை நீ பிடி.

அக்கா